விஸ்காம் ரெக்கார்டில் என்ன எழுத வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவத்தேர்வு நெருங்கும் இந்த நாட்களில் விஸ்காம் என்ற காட்சித் தகவலியல் படிக்கும் பிள்ளைகள் பலர், மூன்று நான்கு நிமிடப் பாட்டுப் படம் ஒன்றையும் அந்தப் பாட்டுக்கான ஆல்பம் உறையையும் முடித்துக் கொடுக்கும் அவசரத்தில் இருப்பார்கள். படத்தைக் கல்லூரி அரங்கில் போட்டுக் காட்டுவார்கள், உறையைக் காட்சிப் பலகையில் ஒட்டுவார்கள். இவற்றோடு சேர்த்துக் கொடுக்கும் ரெக்கார்டு நோட்டு மட்டும் வாய்மொழித் தேர்வான வைவா முடிந்த கையோடு பீரோவுக்குள் போய்விடும். அந்த ரெக்கார்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம். செய்த வேலையைத் திரும்பிப் பார்த்து எழுதும் அந்தப் பத்துப் பதினைந்து பக்கங்களில்தான் ஒரு மாணவர் எதைக் கற்றார் என்பது தெரியும். இப்போது பெரும்பாலும் அது தெரிவதில்லை.

“இந்தப் படைப்பின் மூலம் குழுவாக இணைந்து பணியாற்றுவதைக் கற்றுக்கொண்டோம்”, “நேரமின்மையால் சில காட்சிகள் எதிர்பார்த்தபடி அமையவில்லை.” இப்படிப்பட்ட வரிகள் எந்த ரெக்கார்டிலும் ஒட்டும். பாட்டின் பெயரை மாற்றினால் அடுத்த ஆண்டு மாணவரும் அதையே கொடுத்துவிடலாம். இதே நிகழ்வை வேறு விதமாக எழுதிப் பாருங்கள்: “டியூப் லைட் எரிந்த வகுப்பறையில் விநாடிக்கு 30 பிரேம், 1/60 விநாடி ஷட்டரில் எடுத்தோம். சுவரில் பட்டை பட்டையாக நிழல் ஓடியது. மறுநாள் 25 பிரேம், 1/50 ஷட்டரில் அதே 6 ஷாட்டைத் திரும்ப எடுத்தோம், பட்டை இல்லை.” அடுத்த ஆண்டு அந்த அறையில் கேமராவைத் தூக்கும் மாணவருக்கு இந்த மூன்று வரி போதும். (பிரேம் என்பது வீடியோவின் ஒவ்வொரு தனிப்படம்; ஷட்டர் என்பது அந்தப் படத்துக்குள் ஒளியை விடும் நேரம்.)

பிரிட்டனில் நமது மேல்நிலை வகுப்புக்கு நிகரான ஏ-லெவல் ஊடகப் பாடத்தில், ஓசிஆர் என்ற தேர்வு வாரியம் பல ஆண்டுகள் இதே பயிற்சியை வைத்திருந்தது. ஒரு பாட்டுப் படம், அதோடு டிஜிபாக் என்ற மடிப்பு அட்டைச் சிடி உறை, பத்திரிகை விளம்பரம், இசைக்குழுவின் இணைய முகப்பு ஆகிய மூன்றில் இரண்டு. மொத்தம் 100 மதிப்பெண். படத்துக்கு 40, துணைப் படைப்புகளுக்குத் தலா 10, ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் 20, திரும்பிப் பார்த்து எழுதும் மதிப்பீட்டுக்கு 20. அந்த மதிப்பீட்டில் நான்கே கேள்விகள். வெளியில் வரும் உண்மையான பாட்டுப் படங்களின் மரபுகளில் எதைப் பின்பற்றினீர்கள், எதை வளர்த்தீர்கள், எதை மீறினீர்கள்? படமும் துணைப் படைப்புகளும் சேர்ந்து எந்த அளவு வேலை செய்கின்றன? பார்த்தவர்கள் சொன்னதிலிருந்து என்ன கற்றீர்கள்? ஒவ்வொரு கட்டத்திலும் எந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்தினீர்கள்? 2017இல் பாடத்திட்டம் மாறியபோது இந்த அமைப்பு விலகத் தொடங்கியது. ஆனாலும் அந்த நான்கு கேள்விகள் இன்றும் நல்ல கேள்விகள். நம் ரெக்கார்டுகள் முதல் கேள்விக்கும் நான்காவதுக்கும் ஓரளவு பதில் சொல்கின்றன. இரண்டாவதைத் தொடுவதே இல்லை. காரணம் எளிது. படத்தை எடிட் செய்து முடித்த பிறகு, கடைசி நான்கு நாளில்தான் உறையைப் பற்றி நினைக்கிறார்கள்.

முதலில் பாட்டு. வார்த்தை, மெட்டு, ஒலிப்பதிவு மூன்றுக்கும் தனித்தனி உரிமை உண்டு என்பது இன்னும் பல மாணவர்களுக்குப் புதிய செய்தி. பாரதியார் பாடல்களின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்று, பிறகு அவற்றை மக்களுக்கே பொதுவாக்கியது. ஆகவே பாரதி வரிகளை யாரும் பாடலாம். ஆனால் ஒரு திரைப்படத்தில் அந்த வரிகளுக்குப் போட்ட மெட்டு அந்த இசையமைப்பாளரின் படைப்பு. அந்தப் பதிவு அதை வெளியிட்ட நிறுவனத்தின் சொத்து. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியிட்டதிலிருந்து 60 ஆண்டு. வரிகளுக்கும் மெட்டுக்கும் படைத்தவரின் ஆயுளோடு 60 ஆண்டு. வகுப்பில் கற்பதன் பகுதியாக ஆசிரியரோ மாணவரோ படியெடுப்பதை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. யூடியூபில் ஏற்றுவது வகுப்பறைக்கு வெளியே நடக்கும் காரியம், அந்த அனுமதியை அங்கே கொண்டுபோக முடியாது. சங்கப் பாடலையோ பாரதியையோ எடுத்து, இசை தெரிந்த நண்பரிடம் புது மெட்டுப் போடச் சொல்லி, கல்லூரி ஸ்டுடியோவிலேயே பதிவு செய்வதுதான் எங்கள் கணக்கில் சிறந்த வழி. மெட்டுப் போட்டவரிடமும் பாடியவரிடமும் அரைப் பக்கம் எழுதி ஒப்புதல் வாங்கி ரெக்கார்டில் ஒட்டிவிடுங்கள்.

பாட்டு கையில் வந்ததும் அதன் டெம்போவை, அதாவது தாள வேகத்தை, அளந்து எழுதுங்கள். எடிட்டிங் முழுக்க அதில்தான் நிற்கிறது. நிமிடத்துக்கு 100 தட்டு என்றால் ஒரு தட்டு 0.6 விநாடி, 25 பிரேம் கணக்கில் சரியாக 15 பிரேம். 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்குப் பன்னிரண்டரை பிரேம் வரும். அரை பிரேமில் வெட்ட முடியாது. ஒவ்வொரு தட்டுக்கும் 12 பிரேம் என்று எண்ணிக்கொண்டே போனால் எட்டுத் தட்டுக்குள் நான்கு பிரேம் முந்திவிடும். அப்படிப்பட்ட பாட்டில் இரண்டு தட்டுக்கு 25 பிரேம், நான்கு தட்டுக்கு 50 பிரேம் என்று எண்ண வேண்டும். தட்டு விழும் பிரேமிலேயே வெட்டுவதைவிட ஒன்றிரண்டு பிரேம் முன்னால் வெட்டினால், புதிய ஷாட்டைக் கண் பிடித்துக்கொள்ளும் நேரத்தில் தட்டும் வந்து விழும். எல்லாத் தட்டிலும் வெட்டினால் அரை நிமிடத்தில் சலித்துவிடும். பல்லவி முதல் முறை வரும்போது நீளமான ஷாட், திரும்பி வரும்போது குறுகிய ஷாட், இடையிசையில் கதை, சரணத்தில் பாடுபவர் முகம் என்று பாட்டின் உறுப்புகளைப் பார்த்துத் திட்டம் போட்டால் படம் தானே மூச்சு விடும். 4 நிமிடப் பாட்டுக்கு ஷாட் சராசரி இரண்டரை விநாடி என்று வைத்தாலும் 96 ஷாட் வேண்டும். 40 ஷாட்டோடு வீடு திரும்பும் குழுக்கள்தான் எடிட்டிங்கில் ஸ்லோமோஷனைப் போட்டு இடத்தை நிரப்புகின்றன.

படப்பிடிப்பில் தவறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில்.

ஒன்று, மேலே சொன்ன விளக்குப் பிரச்சினை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப் லைட்டும் மலிவான எல்இடி பல்பும் விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. ஷட்டர் 1/50 அல்லது 1/100 ஆக இருந்தால் ஒவ்வொரு பிரேமும் முழுச் சுற்றுகளைப் பிடிக்கும், ஒளி சமமாக இருக்கும். 1/60இல் அரைகுறைச் சுற்று மாட்டிக்கொண்டு பட்டை ஓடும். கைபேசியில் இருக்கும் சாதாரணக் கேமரா செயலி ஷட்டரைத் தன் விருப்பப்படி மாற்றிக்கொண்டே இருக்கும். கையால் பூட்டிவைக்க இடம் தரும் செயலி வேண்டும். பிளாக்மேஜிக் கேமரா, ஓப்பன் கேமரா இரண்டும் இலவசம்.

இரண்டாவது, கைபேசியின் பிரேம் வேகம். 30 என்று காட்டினாலும் வெளிச்சம் குறைந்தால் 28, 26 என்று இறங்கி, வெளிச்சம் வந்ததும் ஏறும். எடிட்டிங் மென்பொருள் எல்லாப் பிரேமும் சம இடைவெளியில் வருவதாக எண்ணிக்கொள்வதால், தொடக்கத்தில் பொருந்தியிருந்த உதடு மூன்றாவது நிமிடத்தில் பாட்டை விட்டு விலகும். மாணவர்கள் இதைப் பாடியவரின் தவறு என்று எண்ணிக்கொண்டு மறுபடி எடுக்கிறார்கள், மறுபடியும் விலகும். எல்லாக் கோப்புகளையும் எடிட்டிங்குக்கு முன்பே ஹேண்ட்பிரேக் மென்பொருளில் போட்டு, நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை. இதற்கு உறவான இன்னொரு கோளாறு ஒலியில் வரும். சிடிக்கான ஒலி விநாடிக்கு 44,100 மாதிரி, வீடியோவுக்கான ஒலி 48,000. மென்பொருள் முறையாக மாற்றிக்கொண்டால் பிரச்சினை இல்லை. 44,100 கோப்பை 48,000 என்று தவறாகப் படித்துவிட்டால் 4 நிமிடப் பாட்டு ஏறக்குறைய 20 விநாடி குறைந்து, சுருதி முக்கால் கட்டை ஏறிவிடும். பாட்டு திடீரென்று குழந்தைக் குரல்போல ஒலித்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மூன்றாவது, பிளேபேக், அதாவது வாயசைப்புக்காகத் தளத்தில் ஒலிக்கவிடும் பாட்டு. முடிவான மிக்ஸிங் ஆன பாட்டையே தளத்தில் ஒலிக்க வேண்டும். ஒத்திகைப் பதிவை வைத்து எடுத்துவிட்டு, பிறகு பாடகர் ஒரு சங்கதியை மாற்றிப் பாடிய பதிவைப் போட்டால் உதடு எங்கேயும் சேராது. பாட்டின் முன்னால் நான்கு தட்டு ‘டிக்’ ஒலி சேர்த்து ஒரு தளப்பிரதி தயார் செய்துகொள்ளுங்கள். பாடுபவருக்கு எடுப்பு தெரியும், எடிட்டிங்கிலும் அந்த டிக்கை வைத்து ஒட்டலாம். தூர ஷாட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கர் பாடுபவர் அருகிலும் கேமரா 30 மீட்டர் தள்ளியும் இருந்தால், கேமராவில் பதியும் ஒலி இரண்டு பிரேம் தாமதம். அங்கே ஒலி அலையை வைத்து ஒட்டாமல், ‘ப’, ‘ம’ வரும் இடத்தில் உதடு மூடுவதைப் பார்த்து ஒட்டுங்கள். ஸ்லோமோஷனிலும் உதடு சேர வேண்டும் என்றால் 50 பிரேமில் எடுத்து, பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு அந்த வேகத்திலேயே பாடச் சொல்ல வேண்டும். 25 பிரேமில் ஓட்டும்போது உடல் மிதக்கும், உதடு பாட்டோடு நிற்கும். வேகமான பாட்டுக்கு இது சரிவராது, வாய் ஓடாது.

இவை அனைத்தையும் அன்றன்றே எழுத ஒரு ஆள் வேண்டும். இயக்குபவரும் கேமரா பிடிப்பவரும் அந்த வேலைக்கு ஆக மாட்டார்கள். சினிமாவில் கிளாப் அடித்து, ஷாட்டுக்கு ஷாட் தொடர்ச்சி (கன்டினியூட்டி) பார்க்கும் உதவி இயக்குநர் செய்வது அதைத்தான். ஷாட் எண், டேக் எண், பிரேம் வேகம், ஷட்டர், எது நன்றாக வந்தது, எது ஏன் கெட்டது என்று ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதினால், ரெக்கார்டின் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

இப்போது உறை. இன்று யார் சிடி வாங்குகிறார்கள் என்று மாணவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. எங்கள் பதில்: பாட்டுச் செயலியில் ஏற்றினாலும் ஒரு சதுரப் படம் வேண்டும், ஒரு பொருளை மடித்து, ஒட்டி, கையில் கொடுக்கும் வேலையில் கற்பதைத் திரையில் கற்க முடியாது. இரண்டையும் செய்யுங்கள்.

உறை கெடுவதற்கு முதல் காரணம் புகைப்படம். தனியாகப் படம் எடுக்காமல், வீடியோவிலிருந்து ஒரு பிரேமை உருவி அட்டையில் போடுகிறார்கள். முழு எச்டி வீடியோவின் உயரம் 1080 புள்ளி. 120 மில்லிமீட்டர் சதுர அட்டைக்கு நாலா பக்கமும், வெட்டும்போது கழிந்துபோகும் 3 மி.மீ. வெட்டுவிளிம்பு சேர்த்தால் 126 மி.மீ. அச்சுக்கு வேண்டிய அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 1488 புள்ளி வேண்டும். கையில் இருப்பதோ 1080, அதாவது அங்குலத்துக்கு 218தான். 4கே பிரேமில் புள்ளி போதுமான அளவு இருக்கும். ஆனால் 1/50 ஷட்டரில் எடுத்தது என்பதால் அசையும் கையும் முடியும் கலங்கியிருக்கும். திரையில் ஓடும்போது அந்தக் கலக்கம்தான் அழகு, அட்டையில் அதுவே குறை. ஒவ்வொரு உடைக்கும் இடத்துக்கும் படப்பிடிப்பு அட்டவணையிலேயே அரை மணி நேரம் புகைப்படத்துக்கென்று ஒதுக்கி, அதே விளக்கில், வேகமான ஷட்டரில் எடுத்துவிடுங்கள். பாட்டுச் செயலிகளுக்கு 3000 × 3000 புள்ளிச் சதுரம் கொடுப்பது வழக்கம். தொடக்கத்திலேயே அந்த அளவில் வடிவமைத்தால் அச்சுக்குச் சுருக்கிக்கொள்ளலாம். சின்னதைப் பெரிதாக்கினால் சகதிதான்.

அடுத்தது தமிழ் எழுத்து. இதில்தான் எங்களுக்கு ஆதங்கம் அதிகம். ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன், பிரீமியர் எல்லாவற்றிலும் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவு ஒன்று இருக்கிறது. சில பதிப்புகளில் அதற்கு ‘வேர்ல்டு-ரெடி’ என்று பெயர். அதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்தின் முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். ‘கொ’, ‘கோ’, ‘கை’ உடைந்து கிடக்கும். இதைச் சமாளிக்கச் சில மாணவர்கள் பழைய பாமினி வகை எழுத்துருவுக்குப் போகிறார்கள். அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் முழுவதும் ஆங்கிலக் குப்பையாக மாறும். யூனிகோடிலேயே செய்யுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கடமரன், பவனம், பலூ தம்பி, கவிவனார் போன்றவை கூகுள் ஃபான்ட்ஸில் திறந்த உரிமத்தோடு இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சகத்துக்கு அனுப்பும் பிரதியில் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வரைகோடாக, மாற்றிவிடுங்கள். திருத்தம் செய்ய வசதியான மூலக்கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கில ஆல்பங்களைப் பார்த்து எழுத்துகளுக்கு இடையே அகலமான இடைவெளி விடும் பழக்கம் பரவியிருக்கிறது. தமிழில் அது கொம்பையும் காலையும் எழுத்திலிருந்து பிய்த்துவிடும்; வாசிப்பவர் தனித்தனிக் குறிகளைத்தான் பார்ப்பார். வரி இடைவெளியும் ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதலாக வேண்டும். மேலே புள்ளியும் ‘ி’, ‘ீ’யும், கீழே ‘பூ’, ‘ழ’, ‘ரு’வும் நீள்வதால் நெருக்கி வைத்த வரிகள் ஒன்றையொன்று குத்தும். பாட்டு வரிகளைப் புத்தகத்தில் 7 பாயின்ட்டுக்குக் கீழே இறக்காதீர்கள். நான்கு நிறத்தில் அடித்த கறுப்புப் பின்னணியில் வெள்ளைச் சிறு எழுத்து வைப்பது இன்னும் ஆபத்து. நிறங்கள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் மெய்யெழுத்தின் புள்ளி அடைபட்டுவிடும். புள்ளி போனால் ‘பக்கம்’ என்பது ‘பககம’ ஆகிவிடும். அப்படி வைத்தே ஆக வேண்டும் என்றால் தடித்த எழுத்துரு, 9 பாயின்ட், பின்னணியில் ஒற்றைக் கறுப்பு.

கறுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அட்டை முழுக்கக் கறுப்பு என்றால் வெறும் கறுப்பு மை சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். சையான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்று கலந்தால் அடர்த்தி வரும். நான்கையும் 100 வைத்தால் மை காயாமல் அடுத்த தாளில் ஒட்டும். வெள்ளைத் தாளில் வரும் சிறு எழுத்துக்கு மட்டும் ஒற்றைக் கறுப்பு. திரையில் மின்னும் நீலமும் ஊதாவும் பச்சையும் தாளில் மங்கும். கணினியில், இந்த நான்கு மை நிறங்களில் காட்டும் சிஎம்ஒய்கே முன்னோட்டத்தில் பார்த்தபின் நிறத்தை முடிவு செய்யுங்கள். படத்தின் வண்ணத்தையும் உறையின் வண்ணத்தையும் இணைக்க விரும்புபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். வீடியோவுக்கு ஊதா நீலத்தில் கிரேடிங் (நிறச் சீரமைப்பு) செய்துவிட்டு, அச்சில் அது வராது என்பதைக் கடைசி நாளில் அறிகிறார்கள். முதலில் தாளில் வரக்கூடிய நிறத்தைத் தேர்ந்து, அதற்கேற்ப வீடியோவைக் கிரேடிங் செய்வது சுலபம்.

அளவுகள். கண்ணாடிப் பெட்டி என்று சொல்லும் ஜுவல் கேஸுக்கு முன்னட்டை 120 × 120 மி.மீ. பின்தாள் 151 × 118 மி.மீ., அதில் இரு ஓரமும் தலா ஆறரை மி.மீ. மடிந்து முதுகாகும். டிஜிபாக்கில் ஒரு பக்கம் ஏறத்தாழ 140 × 125 மி.மீ., முதுகு சுமார் 6 மி.மீ. அச்சகத்துக்கு அச்சகம் ஒன்றிரண்டு மி.மீ. மாறும் என்பதால் அவர்களிடமே வெட்டும் இடமும் மடிக்கும் இடமும் குறித்த டை வரைபடத்தை வாங்கி அதன் மேல் வடிவமைப்பது நல்லது. நான்கு பக்க டிஜிபாக்கை விரித்தால் 286 × 125 மி.மீ. ஏ4 தாளில் மாதிரி வெட்டிப் பார்க்கலாம். வெட்டுவிளிம்போடு இறுதிப் பிரதி அடிக்க 13 × 19 அங்குலத் தாள் வேண்டும். ஆறு பக்க டிஜிபாக் கண்ணுக்குப் பிரமாதமாக இருக்கும். ஆனால் உள்ளே மடியும் பக்கம் ஒரு மி.மீ. குறைவாக இல்லாவிட்டால் முட்டி மேடாகும். மாணவர் வேலைக்கு நான்கு பக்கமே போதும் என்பது எங்கள் துணிபு. பாட்டுப் புத்தகம் சேர்த்தால் சென்டர் பின் அடிப்பதால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். பத்துப் பக்கம் வடிவமைத்துக்கொண்டு வந்தால் இரண்டு வெற்றுப் பக்கம் சேர்த்தோ, இரண்டு பக்கம் கழித்தோ திருப்பி அனுப்புவார்கள். சிடி தட்டின் மேல் அச்சிடும்போது நடுவில் 15 மி.மீ. துளை இருப்பதை மறந்து, பாடகர் முகத்தை மையத்தில் வைத்துவிடாதீர்கள்.

அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஆர்ட் போர்டு சரியான கனம். டிஜிட்டல் அச்சில் தூள் மை தாளின் மேல்தான் படிந்திருக்கும். அப்படியே மடித்தால் முதுகோரம் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். லேமினேஷன் போட்டு, பிறகு மடிப்புத் தடம் பதிக்கும் கிரீஸிங் போட்டு, அதன் பின் மடிக்க வேண்டும். மடிப்புக் கோடு அட்டையின் இழை ஓடும் திசையிலேயே இருக்க வேண்டும். ஒரு துண்டு அட்டையை இரு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்த வளைவின் கோடுதான் இழை.

பின்னட்டையில் எழுத வேண்டியவற்றையும் அலங்காரமாக எண்ணிவிடுகிறார்கள். வட்டத்துக்குள் ‘பி’ குறி ஒலிப்பதிவின் உரிமைக்கு, வட்டத்துக்குள் ‘சி’ குறி வடிவமைப்பு, வரிகள் முதலியவற்றின் உரிமைக்கு. இரண்டுக்கும் ஆண்டும் உரியவர் பெயரும் வேண்டும். பார்கோடைக் கைக்குக் கிடைத்த பிஸ்கெட் பாக்கெட்டிலிருந்து எடுத்து ஒட்டக் கூடாது, அது வேறொருவரின் எண். இடத்தைக் காட்ட வேண்டுமென்றால் 37 × 26 மி.மீ. வெள்ளைக் கட்டம் விட்டு ‘மாதிரி’ என்று எழுதுங்கள். அந்த அளவை 80 சதவீதம் வரை சுருக்கலாம், அதற்குக் கீழே போகக் கூடாது. சிவப்புக் கோடு வேண்டாம்; வருடியின் ஒளியும் சிவப்பு, கோடு அதன் கண்ணுக்குத் தெரியாது.

பார்த்தவர்கள் கருத்து என்ற பகுதி இன்று வகுப்புத் தோழர்கள் பத்துப் பேர் “சூப்பர்” என்று எழுதிய கூகுள் படிவமாக இருக்கிறது. வேலையில் சம்பந்தமில்லாத ஏழெட்டுப் பேரை ஒவ்வொருவராக உட்கார வையுங்கள். முதலில் உறையை மட்டும் கைபேசியில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் காட்டி, என்ன மாதிரிப் பாட்டு இது, தலைப்பு என்ன என்று கேளுங்கள். தலைப்பைப் படிக்க முடியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்க இன்னும் நேரம் இருக்கிறது. பிறகு படத்தை ஒலியில்லாமல் ஓட்டி, கதை என்ன புரிந்தது என்று கேளுங்கள். பிறகு ஒலியோடு. பார்ப்பவர் எந்த விநாடியில் கண்ணைத் திருப்பினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் ஒரே இடத்தில் திருப்பினால் அங்கே வெட்ட வேண்டியது இருக்கிறது. கடைசியாக, உறையும் படமும் ஒரே ஆல்பத்தைச் சேர்ந்தவைதானா, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். ஓசிஆரின் இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் அதில் கிடைக்கும். “இரண்டிலும் அந்த மஞ்சள் சுவர் இருக்கிறது” என்று ஒருவர் சொன்னால் இணைப்பு நிலைத்துவிட்டது. “இரண்டிலும் அதே பெண் இருக்கிறார்” என்பது மட்டும் பதில் என்றால் வடிவமைப்பு இன்னும் வேலை செய்யவில்லை. இந்தச் சோதனையை எடிட்டிங்கின் முதல் பிரதியிலேயே செய்து, என்ன மாற்றினீர்கள் என்பதை முன்பு, பின்பு என்று இரண்டு படமாக ரெக்கார்டில் ஒட்டுங்கள்.

துறைத் தலைவர்களுக்கும் எங்கள் வேண்டுகோள் உண்டு. பன்னிரண்டு வாரம் கையில் இருந்தால், மூன்றாவது வாரமே ஏ4 தாளில் வெட்டி மடித்த வெள்ளை உறை மாதிரி ஒன்றைக் கேளுங்கள். படம் வரைந்திருக்கத் தேவையில்லை; எந்தப் பக்கத்தில் என்ன வரும் என்று பென்சிலில் எழுதியிருந்தால் போதும். அப்போதுதான் படப்பிடிப்பில் எந்தப் புகைப்படம் தேவை என்பது அவர்களுக்கே தெரியும். எட்டாவது வாரத்துக்குள் படப்பிடிப்பு முடிய வேண்டும், பத்தாவது வாரத்தில் உறையின் ஒரு பிரதியையாவது உண்மையான அட்டையில் அச்சடித்துப் பார்க்க வேண்டும். இன்டர்னல் மார்க்கில் ரெக்கார்டுக்குக் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு கொடுங்கள். தவறு நடந்ததற்காக அதில் மதிப்பெண் குறைக்காதீர்கள். எந்தத் தவறு, எந்த அளவு, எதனால், எப்படிச் சரிசெய்தார்கள் என்பது இல்லாவிட்டால் மட்டும் குறையுங்கள். தவறை ஒப்புக்கொண்டால் மதிப்பெண் போய்விடும் என்ற பயம் இருக்கும் வரை பிள்ளைகள் “நிறையக் கற்றுக்கொண்டோம்” என்றுதான் எழுதுவார்கள்.

வைவா முடிந்த ரெக்கார்டுகளில் நல்லவற்றை, எழுதிய மாணவர்களின் ஒப்புதலோடு, துறை நூலகத்தில் திறந்த அலமாரியில் வையுங்கள். அடுத்த அணி கேமராவை வாங்கிக்கொள்ள வரும்போது, கையெழுத்துப் போடும் மேசைக்கு அருகிலேயே அவை இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
காட்சித் தகவலியல் ஆசிரியர்கள் சிலர்,
சென்னை